குடிக்கிறவர் அப்பா இல்லை

அம்மாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது என்று சொன்னால், இன்றைக்கும் ஆட்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு "அப்பாவுக்கா?" என்று கேட்கிறார்கள். என் வாய் தவறிவிட்டது என்று நினைக்கிறார்கள் போல. நான் மறுபடியும் "அம்மாவுக்கு" என்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில், அம்மா குடியை விடுவதற்கு ஒரு கூட்டம் தேடி மலேசியாவின் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அலைந்தோம். அந்த அலைச்சலில் பாதி, இந்த ஒரு வார்த்தையைத் திருத்திச் சொல்வதிலேயே போனது.

அப்பா குடித்ததே இல்லை. கள்ளின் வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, அவர் கள்ளுக்கடை இருக்கும் பாதையை விட்டு ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அம்மா அந்தப் பாதையில்தான் வருவாள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து கொட்டகையில் ஊற்றிவிட்டு வரும்போது உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கும். உடம்பு வலிக்கு என்று பெண்களும் ஒரு குவளை கள் குடிப்பார்கள். அதை யாரும் குடி என்று சொன்னதில்லை. கள்ளுக்கடையில் ஆண்கள் புரண்டு கிடந்தால்தான் அது குடி.

எழுபதுகளின் நடுவில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. அம்மா ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டு கழுவினாள். டவுனில் கள் இல்லை, சம்சு இருந்தது. மலிவான சாராயம், சட்டைப் பைக்குள் அடங்கும் சப்பையான போத்தலில் வரும். அதைக் கோப்பிக் குவளையில் ஊற்றி, கோப்பி குடிக்கிற மாதிரியே ஊதி ஊதிக் குடிப்பாள். நான் துணி மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கோப்பி ஆறவே ஆறாத காரணம் எனக்குப் புரிந்தது.

அண்ணனின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா அண்ணன் வீட்டு மாடிப்படியில் விழுந்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. அண்ணி ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கினவள் அம்மாவின் வாயை முகர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. "இனிமே புள்ளய ஒங்க கையில குடுக்க மாட்டேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். அம்மா கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் உடம்பு உதறத் தொடங்கியது. போர்வை போர்த்தினாலும் நிற்கவில்லை. அப்போது அவளாகத்தான் என்னிடம் சொன்னாள்.

"எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. நானா வுட முடியல."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் தமிழ் டாக்டர் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார். நல்லவர்தான். "மருந்து இப்பக் கேக்கும்மா. ஆனா திரும்பத் தொடாம இருக்கணும்னா கூட்டத்துக்குப் போங்க. குடிச்சு வுட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுவாங்க. பேரு, ஊரு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட சேர்ந்து குடிக்கிறத முதல்ல நிறுத்தணும், சரியா?"

அப்பா "சரிங்க டாக்டர்" என்றார். யார் என்ன சொன்னாலும் சரிங்க என்பதுதான் அவர் பழக்கம். எனக்கு அங்கேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

டாக்டர் சொன்ன கூட்டம் ஈப்போ டவுனில், ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் நடந்தது. கைக்கட்டு அவிழ்த்து, அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகு போனோம். மின்விசிறிக்குக் கீழே வட்டமாக நாற்காலிகள். உள்ளே நுழைந்ததும் பேன்ட்டுக்குள் சட்டை விட்ட ஒரு தமிழர், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி என்று பிறகு தெரிந்தது, எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. வாசப்படி தாண்டி உள்ள வாரதுதான் கஷ்டம். நீங்க தாண்டிட்டீங்க. பெரிய தைரியம்."

"சரிங்க" என்றார் அப்பா.

"அவரு குடிக்க மாட்டாருங்க. நான்தான்" என்றாள் அம்மா.

கிராணி அப்பாவின் கையை விட்டார், ஆனால் அம்மாவின் கையைப் பிடிக்கத் தயங்கினார். மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பேசியது முழுவதும் இங்கிலீஷில். ஒரு சீன இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அப்புறம் ஒரு வாத்தியார், அப்புறம் மலாயாவிலேயே தங்கிவிட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை அம்மாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கிராணி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயையும் காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "அந்த வெள்ளக்காரரு ஏன் அழுதாரு?"

"பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டாளாம்."

"அத நீ சொல்லாமலே வெளங்கிருச்சு. அதுக்கு முன்னாடி அவ்ளோ நேரம் பேசினாரே, அதுதான் வெளங்கல."

இரண்டு மூன்று வாரம் போனோம். அம்மாவுக்குப் புதிதாக ஒன்றும் விளங்கவில்லை. குட்டி பிஸ்கட்டும் பாலில்லாத தேநீரும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நாலாவது வாரம் அவள் வேலை முடிந்து வீட்டுக்கே வரவில்லை. கடையின் பின்கட்டில், தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவளை அப்பா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

என் மில்லில் கூட வேலை செய்த ஓர் அக்கா, செமோர் பக்கத்தில் ஒரு கோயில் இருப்பதாகச் சொன்னாள். அங்கே வெள்ளிக்கிழமைகளில் குடிகாரர்கள் கூடி உட்கார்ந்து, சாமி முன்னால் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வார்கள். அவள் அண்ணன் அங்கே போய்த்தான் விட்டானாம். தமிழில் பேசுவார்கள், அது போதும் என்று கிளம்பினோம்.

கோயில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. பாதித் தோட்டத்தைச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்காக அழித்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். பூசாரி ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, குடித்த கதையைக் கேட்டு, திட்டி, அழ வைத்து, பிறகு கறுப்புக் கயிறு கட்டினார். எங்கள் முறை வந்ததும் அப்பாவின் தலையில் கையை வைத்தார். அப்பா குனிந்துகொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சாமி, அம்மாவுக்கு."

பூசாரி கையை எடுத்தார். "பொம்பளைக்குக் கட்றதில்லம்மா."

"ஏன் சாமி?"

"சத்தியத்த மீறிட்டா சாமி சும்மா வுடாது. பொம்பளைக்கு மாசத்துல சில நாளு தீட்டு. கயிறு தாங்காது. வேணும்னா ஒண்ணு செய்யலாம். புருசன் கையில கட்டுறேன். அவரு ஒங்கம்மாவக் கட்டுப்பாட்டுல வச்சிக்கட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் அப்பா வலது கையை நீட்டிவிட்டார். "கட்டுங்க சாமி. அவளுக்காக எனக்குக் கட்டுங்க."

அந்த மனுஷன் மனதார நீட்டினார், எனக்கு அது தெரியும். ஆனால் திரும்பி வரும் வழி முழுவதும் அம்மா அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் ஈப்போவை நெருங்கும்போது வாயைத் திறந்தாள்.

"குடிக்கிறது நானு. சத்தியம் பண்றது நீங்க. சாமி யாரத்தான் புடிக்கும்?"

அப்பா கயிற்றைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அம்மா குடித்தாள், அதுவும் அவர் கண்ணெதிரில், கோப்பிக் குவளையில் ஊற்றாமல் போத்தலோடு. அப்பா முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் புல் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அவர்கள் இருவர் மீதும் கோபப்பட்டேன். பூசாரி மீது பட்ட கோபம் தனி.

அடுத்தது ஒரு ஜெபக் கூட்டம். எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் இருந்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டார். பெண்கள் மட்டும் கூடும் கூட்டம், தமிழில், நடந்தே போகிற தூரம். இதுதான் நாங்கள் தேடியது என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அவர்கள் அம்மாவை நடுவில் உட்கார வைத்து, தோளில் கை வைத்து, உருகி ஜெபித்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. தோட்டத்தை விட்டு வந்த பிறகு பத்துப் பெண்களோடு ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை என்றாள். ஜெபம் முடிந்து கேசரி தின்னும்போதுதான் சிக்கல் வந்தது.

"சொல்லுங்கக்கா, அவரு அடிப்பாரா?"

"யாரு?"

"ஒங்க வூட்டுக்காரரு."

"அவரா? கொசு அடிக்கக்கூட யோசிப்பாரு."

"வேற பொம்பள கிட்ட போறாரா?"

"போனாருன்னா நல்லாத்தான் இருக்கும், வூட்டுல கொஞ்சம் சத்தம் கேக்கும்" என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தை நடத்திய பெண் மிகவும் அன்பாகச் சொன்னார். "மனசுல உள்ளத மறைக்காதீங்கக்கா. ஒரு பொம்பள காரணமில்லாமக் குடிப்பாளா?"

"காரணமில்லாமத்தான் குடிச்சேன். மொதல்ல ஒடம்பு வலிக்கு. அப்புறம் நல்லா இருந்துச்சு, குடிச்சேன். இப்ப நல்லாவும் இல்ல, வுடவும் முடியல. அவ்ளோதான்."

அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை. வாராவாரம் யாராவது ஒருவர் அப்பாவின் குற்றத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். தெருவில் அப்பா போனால் பெண்கள் பேச்சை நிறுத்தி முறைத்தார்கள். அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார், "நான் என்னம்மா செஞ்சேன்?" அதற்கு மேல் அம்மா அங்கே போகவில்லை. எனக்கு அழுகை வரும் அளவுக்கு ஆத்திரம். தமிழ் இருந்தால் பெண்கள் இல்லை, பெண்கள் இருந்தால் அம்மா சொல்வதைக் கேட்க ஆளில்லை.

கோப்பெங்கில் ஒரு கூட்டம் நடப்பதாகச் சொன்னவர் அந்த ஓய்வு பெற்ற கிராணிதான். பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவரே வந்து பேசினார். இங்கிலீஷ் தெரியாத தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து சொந்தமாக நடத்துகிறார்கள், வியாழக்கிழமை, பழைய சங்கக் கட்டடத்தில் என்றார். நான் லீவு போட்டேன். அப்பாவும் போட்டார். ஈப்போவிலிருந்து பஸ் பிடித்துப் போனால் கட்டடத்தில் பூட்டு. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியபோது எதிர் வரிசையில் ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது. பியர், சம்சு, சிகரெட் விற்கும் கடை.

அம்மா அந்தக் கடையின் அலமாரியைப் பார்த்தாள். பிறகு பூட்டைப் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மழையில் நனைந்தபடி சாலையைக் கடந்து அந்தக் கடைக்குள் போனார்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே தமிழ் பேசினார், தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் செய்து பழகிய தமிழ். "அந்தக் கூட்டமா? இங்க இல்லே லா. மாத்திட்டான். ஞாயித்துக்கெழமே, பின்னாலே, தாடிக்காவிலே." பாலர் பள்ளியைத்தான் மலாயில் அப்படிச் சொன்னார். பிறகு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல கூட்டம் லா. என் கஸ்டமர் ஏழெட்டுப் பேர் அங்கே போயிட்டான். எனக்குத்தான் வியாபாரம் இல்லே."

அப்பா வந்து அதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இரண்டு பேர் லீவு போட்டு, நனைந்து, கடைசியில் சாராயக் கடைக்காரரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். பாலர் பள்ளியின் வகுப்பறையில், முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலிகளில், பெரிய பெரிய ஆட்கள் குந்தியிருந்தார்கள். சுவரில் ஆடு, இலை, ஈட்டி என்று படம் போட்டு ஒட்டியிருந்தது. நடத்துகிறவர் ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்தவர், கழுத்து தடித்த மனிதர். "வாங்கண்ணே" என்று அப்பாவைப் பார்த்து அவர் ஆரம்பிக்கும்போதே அம்மா குறுக்கிட்டாள்.

"அவரு இல்ல தம்பி. நானு. அவரு தொணைக்கு வந்திருக்காரு, இவ எம் மவ. ரெண்டு பேரும் குடிக்க மாட்டாங்க. வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

அவர் திகைத்தது ஒரு கணம்தான். "இல்லக்கா. உக்காருங்க. ஆனா நாங்க பேசுறப்ப கெட்ட வார்த்தை வரும், பொறுத்துக்கணும்."

"நான் தோட்டத்துல மரம் வெட்டினவ தம்பி. ஒங்க வார்த்தையில புதுசா என்ன இருக்கப்போவுது?"

அப்பாவும் நானும் வெளியே ஊஞ்சல் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. ஒரு லாரி டிரைவர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போத்தலை மூழ்கடித்து வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடி கழன்று தண்ணீரோடு கலந்துவிட்டதாம். அதில் குளித்த மாமியார் நாள் முழுக்கத் தன்னைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்தில் கேட்ட சிரிப்பு. "நான் அரிசிக்குள்ள பொதைச்சு வச்சேன்" என்றாள்.

"அரிசில வாடை ஏறாதாக்கா?"

"மூடிய நல்லா இறுக்கணும் தம்பி. நீ அவசரக்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, அம்மாவின் குரல் மட்டும் தனியாக வந்தது. மாடிப்படியைப் பற்றிச் சொன்னாள். குழந்தை எப்படி வழுக்கியது, எந்தக் கையால் அதைப் பிடித்தாள், பிடிக்கும்போதுகூட மடியில் இருந்த போத்தல் உடைந்துவிடுமோ என்று எப்படி நினைத்தாள் என்பதைச் சொன்னாள். அந்தக் கடைசி விஷயம் எனக்கும் அப்பாவுக்கும் அதுவரை தெரியாது. அப்பா ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். உள்ளே யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. லாரி டிரைவர் மட்டும், "எனக்கும் அப்படித்தான் நெனப்பு வரும்க்கா" என்றார்.

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சில மாதம் நன்றாகத்தான் போனது. தீபாவளிக்கு அம்மா ஒருமுறை குடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னாள். யாரும் திட்டவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, கூட்டத்தில் ஒருவரின் மனைவி நேராக வகுப்பறைக்குள் வந்து நின்றாள். குடிகாரப் பொம்பளையோடு உட்கார்ந்து என் புருஷன் என்ன பேசுகிறான் என்று ஊர் கேட்க ஆரம்பித்துவிட்டது என்றாள். அம்மாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. அதற்கு அடுத்த வாரம் நடத்துகிறவர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சில வூட்டுல பிரச்சனை. ஆள் வாரது நின்னுரும் போல இருக்கு. கொஞ்ச நாளைக்கு..."

"சரிங்க" என்றார் அப்பா.

"என்னத்த சரி?" என்று அம்மா திரும்பினாள். அவள் அப்பாவிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எல்லாத்துக்கும் சரி சரின்னா நான் எங்க போறது? தம்பி, நீங்களே சொல்லுங்க. வேற எடம் இருக்கா? இருந்தா போறேன்."

வேறு இடம் இல்லை என்று அவருக்கும் தெரியும். கடைசியில் லாரி டிரைவர்தான் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து, வெளித் தாழ்வாரத்தில், ஜன்னலுக்குக் கீழே போட்டார். "அக்கா இங்க உக்காரட்டும். ஜன்னல் தொறந்திருக்கும். நாங்க கொஞ்சம் சத்தமா பேசுறோம். அக்கா பேசுறப்ப நாங்க ஜன்னல் பக்கம் வர்றோம்."

ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான் கொதித்தேன். குடியை விட வந்தவளைத் தீண்டத்தகாதவள் மாதிரி வெளியே உட்கார வைப்பதா? அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காது கேக்குதுல்ல, போதும்" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். மழை பெய்தால் சாரல் அடிக்கும். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பேச வேண்டியது வந்தால் எழுந்து நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். உள்ளே ஆண்கள் குட்டி நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஜன்னலருகே வருவார்கள். சிறையில் யார், பார்க்க வந்தவர் யார் என்று தெரியாது. ஒவ்வொரு வாரமும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில் அம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த உண்மையே என் கோபத்தை இன்னும் கூட்டியது. அந்தப் பெஞ்சு மட்டும் பலன் தராமல் இருந்திருந்தால், நான் அவளை அங்கேயிருந்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

நடுவில் ஒரு பெண் வந்தாள். தம்பியைக் கூட்டி வந்ததாகச் சொல்லி அம்மாவின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். தம்பி உள்ளே போன பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சேலை முந்தானையை முறுக்கும் அவள் விரல்களை அம்மா கவனித்தாள்.

"நீயும் குடிப்பியா?"

"சேச்சே."

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் தானாகவே சொன்னாள், "கொஞ்சம்க்கா. எப்பவாச்சும்." அம்மா தலையாட்டினாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தாள். ஆனால் ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண் வருவது நின்றுவிட்டது. தம்பி மட்டும் வந்தான். "அக்காவுக்கு வூட்டுல வேல" என்றான். வாராவாரம் அம்மா கேட்டாள், வாராவாரம் அதே பதில். பிறகு அவர்கள் குடும்பமே கோலாலம்பூருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். "அவளுக்கு ஒரு எடம் கெடைச்சிருக்குமா?" என்று அம்மா பல வருஷம் கழித்தும் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

ஒருவழியாக அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அன்று வகுப்பறைக்குள் வந்து நின்றவளின் புருஷன் வேறு வேலை கிடைத்து ஊர் மாறிப் போனதுதான் காரணம். யாரும் மனம் மாறவில்லை. அம்மா உள்ளே போய் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, முட்டி வலிக்கிறது, பெஞ்சே தேவலை என்றாள். இரண்டு மூன்று மாதம்தான் அதுவும். ஈய விலை விழுந்தது. கோப்பெங் சுற்றுவட்டாரத்தில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. நடத்துகிறவர் சிங்கப்பூருக்குப் போனார், மற்றவர்கள் வேலை கிடைத்த ஊர்களுக்குச் சிதறினார்கள். ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது லாரி டிரைவர் மட்டும் பூட்டிய வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாவி வைத்திருந்தவரும் போய்விட்டாராம்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மறுபடியும் முதலிலிருந்தா? அம்மாவும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஞாயித்துக்கெழம சரக்கு எறக்க ஈப்போவுக்குத்தான் வாரேன்க்கா" என்றார் அவர்.

"அப்ப பஸ் ஸ்டேஷன்ல பாப்போம்" என்றாள் அம்மா.

அதன் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் ஈப்போ பஸ் நிலையத்து ஒட்டுக்கடையில் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு குவளை பாலில்லாத தே ஓ வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நானும் அப்பாவும் பக்கத்து மேசையில். நான் வேறு கூட்டம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. பஸ்கள் உறுமிக்கொண்டு புறப்படும். கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்துவார்கள். சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

"என்னக்கா, இந்த வாரம் எப்படி?" என்று டிரைவர் கத்துவார்.

"செவ்வாக்கெழம நாக்கு ஊறிச்சு தம்பி! கடைக்கு முன்னாடி வரைக்கும் போயிட்டேன்!" என்று அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்துவாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா பேசும்மா" என்பேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அடுத்த பஸ் புறப்பட்டுப் போகும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.